ஒற்றை ஊசியும் விற்கிற கடை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் கடைத்தெருவில், பழைய இரட்டை மாடிக் கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கிறது இந்தக் கைவேலைச் சாமான் கடை. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப் படிக்க முடியாமல் போய் வெகு காலம் ஆகிறது. கடைமுன் நடைபாதையான அஞ்சடியில் கொத்துக்கொத்தாகத் தொங்கும் கூடை வயர்தான் அடையாளம்.

கடை அழகாக இல்லை. குழல்விளக்கு இரண்டில் ஒன்று எரியாது. அலமாரிகளுக்கு நடுவில் ஒருவர் நின்றால் மற்றவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஆனால் பெரிய கடைகளிலும் இணையத்திலும் லேசில் கிடைக்காத வசதி ஒன்று இங்கே உண்டு: எதையும் உடைத்துக் கொடுப்பார்கள். ஊசி ஒன்று, லேஸ் ஒரு முழம், வயர் கால் கட்டு, கோல அரிசி நூறு கிராம், நூல் ஒரு கண்டு. வேலைக்குப் பொருந்தாத சாமானை மொத்தமாக வாங்கிவிட்டுத்தான் கைவேலையில் பாதிப் பணம் வீணாகிறது. கொஞ்சம் வாங்கி, வீட்டில் சோதித்து, சரியென்றால் திரும்பி வந்து மிச்சத்தை வாங்க இந்தக் கடை இடம் கொடுக்கிறது. ஆகவே எது நல்லது, எது மட்டம் என்பதோடு, எதை எப்படிச் சோதிப்பது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

முதலில் கூடை வயர். சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து ஆள் வருவதே இதற்காகத்தான். தமிழ்நாட்டுச் சரக்கு. நிறத்துக்குக் குறைவில்லை. பேச்செல்லாம் கட்டுக் கணக்கில் நடக்கும். ‘ரெண்டு கட்டுக் கூடை’ என்றால் எவ்வளவு பெரியது என்று பின்னத் தெரிந்தவர்களுக்கு உடனே புரிந்துவிடும். ஆனால் கட்டு என்பது உறுதியான அளவில்லை. கம்பெனிக்குக் கம்பெனி நீளம் மாறும், ஒரே கம்பெனியில்கூட எடை கூடும் குறையும். மேசை மேல் ஒரு சின்னத் தராசு இருக்கிறது, கேட்டால் கட்டை அதில் வைத்துக் காட்டுவார்கள். ஒரே கூடைக்கு வாங்குகிற கட்டுகளை ஒரே எடையில் பொறுக்குங்கள்.

வயரை மடக்கி நகத்தால் அழுத்திப் பாருங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்து, தேய்த்தாலும் மறையாமல் நின்றால் அது பழசு, அல்லது வெயில் தின்ற சரக்கு. முடிச்சை இறுக்கும்போது அந்த இடத்தில்தான் அறும். பிறகு ஓரடி நீளத்தை இரண்டு விரலால் உருவுங்கள். அகலம் ஓரிடத்தில் ஒடுங்கி ஓரிடத்தில் விரிந்தால் முடிச்சும் சின்னதும் பெரியதுமாக விழுந்து கூடை ஒரு பக்கம் சாயும். அஞ்சடியில் தொங்குவதை மட்டும் வாங்காதீர்கள். அது காட்சிக்கு வைத்தது, மாதக்கணக்கில் வெயில் பட்டது. உள்ளே அட்டைப்பெட்டியில் இருப்பதை எடுத்துத் தரச் சொன்னால் முகம் சுளிக்காமல் எடுத்துத் தருவார்கள்.

எத்தனை கட்டு பிடிக்கும் என்று கடைக்கார அக்கா வாய்க்கணக்கில் சொல்வது சாதா முடிச்சுக்குச் சரியாகவே இருக்கிறது. நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் போன்ற வேறு பின்னல்களுக்கு அந்தக் கணக்கு செல்லாது, நாமே போட்டுக்கொள்ள வேண்டும். சாதா முடிச்சையே வைத்து முறையைப் பார்ப்போம். அடிப்பாகம் நீளத்தில் 21 முடிச்சு, அகலத்தில் 9 முடிச்சு என்றால் வெட்ட வேண்டிய நெடு வயர், அதாவது அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடி மேலே எழும்புவது, 30. ஒவ்வொரு வயருக்கும் இரண்டு முனை மேலே எழும்புவதால் சுவரில் ஒரு சுற்றுக்கு 60 முடிச்சு. 20 சுற்று உயரம் வைத்தால் சுவருக்கு 1,200, அடிக்கு 189. இனி ஒரு முடிச்சுக்கு எவ்வளவு வயர் போகும் என்பதுதான் தெரிய வேண்டும். அது வயரின் அகலத்தையும் பின்னுகிறவர் கையின் இறுக்கத்தையும் பொறுத்தது, யாரும் யாருக்கும் சொல்லித்தர முடியாது. கால் கட்டு வாங்கி, அளந்து வெட்டிய இரண்டு துண்டுகளில் 10 முடிச்சு போட்டு, மிச்சத்தை அளந்து கழித்தால் உங்கள் கைக்குரிய எண் வந்துவிடும். அதை வைத்து நெடு வயரையும், சுவரைச் சுற்றி ஓடும் சுற்று வயரையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். விளிம்பில் மடக்கிச் செருக ஒவ்வொரு முனைக்கும் ஒரு சாண் கூட்டிக்கொள்ளுங்கள். 21, 9 என்று ஒற்றைப்படையில் வைத்ததற்கும் காரணம் உண்டு. சுவரின் நடுவில் பூ வர வேண்டுமானால் நடு முடிச்சு என்று ஒன்று இருந்தாக வேண்டும்.

பின்னிய கூடை பெரும்பாலும் கைப்பிடி இறங்கும் இடத்தில்தான் கெடும். விளிம்பு வரிசையிலேயே கைப்பிடியைக் கோத்து முடித்தால், அஞ்சு கிலோ அரிசி வைத்துத் தூக்கிய நாளே முடிச்சு இளகத் தொடங்கிவிடும். விளிம்புக்குக் கீழே நாலைந்து வரிசை இறக்கிக் கோத்து, உள்பக்கமாக மேலே திருப்பிக்கொண்டு வந்து முடியுங்கள். கைப்பிடிக்குள் வைக்கும் பிளாஸ்டிக் குழாய் அடிக்கணக்கில் கிடைக்கிறது. அதில் கெட்டியானதையே கேளுங்கள், மெல்லியது பாரம் ஏறினால் நசுங்கி உள்ளங்கையை அறுக்கும். சுற்று வயர் தீர்ந்து புது வயர் சேர்க்கும்போது இரண்டு முனைகளையும் மூன்று முடிச்சுத் தூரம் சேர்த்துப் பின்ன வேண்டும். மூலையில் ஒட்டு வேண்டாம். கட்டிலிருந்து பிரித்த வயர் சுருண்டு சுருண்டு நின்று எரிச்சல் மூட்டினால், வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள், வழிக்கு வரும்.

அதே வரிசையில் பெட்டி கட்டும் பட்டையும் சுருளாக வைத்திருக்கிறார்கள். மலாய்க்காரப் பெண்கள் இதில் பின்னி விற்கும் கூடைகளை இரவுச் சந்தையான பாசார் மாலத்தில் பார்த்திருப்பீர்கள். 12, 15 மில்லிமீட்டர் அகலங்கள் வழக்கமானவை. வயர் பின்னிப் பழகியவர்கள் இதிலும் முடிச்சு போடப் பார்த்து ஏமாறுகிறார்கள். பட்டையை நீளவாக்கில் இழுத்துத் தயாரிப்பதால் அந்தத் திசையில்தான் பலம். கூர்மையாக மடித்து முறுக்கினால் நார்நாராகப் பிளந்துவிடும். பாய் பின்னுகிற மாதிரி ஒன்று மேல், ஒன்று கீழ் என்று மட்டும் பின்னுங்கள். வெட்டிய முனை விரலைக் கிழிக்கும், சாய்வாக வெட்டி உள்ளே செருகிவிடுங்கள். மீன் வாங்கவும் ஈரச் சாமான் வைக்கவும் பட்டைக் கூடைதான் நல்லது. கோயிலுக்குத் தேங்காய் பழம் கொண்டு போக வயர்க் கூடையின் லட்சணம் இதற்கு வராது, அது வேறு விஷயம்.

அடுத்து கோல அரிசி. மலேசியத் தீபாவளிக்கு வண்ண அரிசிக் கோலம் என்றாகிவிட்டது. பேரங்காடி முகப்பில் மயிலும் தாமரையுமாகப் பார்த்துப் பழகிய கண் வீட்டு வாசலிலும் அதையே கேட்கிறது. கடையில் சாயமேற்றித் தயாராக வைத்த அரிசியும் உண்டு, வெள்ளைக் குருணையும் சாயப்பொடியும் தனித்தனியாகவும் உண்டு. தயார் அரிசிக்கு எங்கள் ஆதரவு இல்லை. ஈரத் துணியில் தேய்த்தால் மஞ்சளும் பச்சையும் ஓரளவு தாங்குகின்றன, சிவப்பும் ஊதாவும் அப்படியே துணிக்கு இறங்குகின்றன. சிமெண்டுத் தரையில் போட்டால் கோலத்தை வாரிய பிறகும் கறை நிற்கும். வெள்ளை டைல்ஸின் இடுக்கில் ஏறினால் அடுத்த தீபாவளி வரை இருக்கும்.

வீட்டில் சாயமேற்றுவது கடினமில்லை. ஒரு கிலோ குருணைக்கு அரைத் தேக்கரண்டி பொடி, அடர்நிறம் வேண்டுமானால் ஒரு தேக்கரண்டி. இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரும் ஒரு மேசைக்கரண்டி வினிகரும் சேர்த்துக் கட்டியில்லாமல் கரையுங்கள். கனமான பிளாஸ்டிக் பையில் அரிசியைப் போட்டு இதை ஊற்றி, உள்ளே கொஞ்சம் காற்று விட்டு வாயைக் கட்டி, இரண்டு நிமிடம் குலுக்குங்கள். எல்லா மணியிலும் நிறம் ஏறவில்லையென்று அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் கூடினால் அரிசி ஊறி, காயும்போது விரிசல் விட்டு மாவாக உதிரும், கோலம் தூசி படிந்தாற்போல் மங்கும். தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி நிழலில் காய வைத்து, அரை மணிக்கொரு தரம் கையால் கிளறிவிடுங்கள். ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு நாள் முழுக்கப் பிடிக்கும், விசிறி போட்டால் சீக்கிரம் ஆகும். அரைகுறையாகக் காய்ந்ததை டப்பாவில் அடைத்தால் முதலில் புளித்த வாடை, பிறகு பூசணம்.

எவ்வளவு வாங்குவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். படலம் 3 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் தரை தெரியாது. அந்தக் கணக்கில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ போகும். 4 அடி விட்டமுள்ள வட்டக் கோலத்துக்கு மூன்று கிலோ. 6 அடி என்றால் நாலரை கிலோ போதுமென்று தோன்றும், போதாது, ஆறரைக் கிலோ வேண்டும். விட்டம் ஒன்றரை மடங்கானால் பரப்பு இரண்டே கால் மடங்காகிறது. தீபாவளிக்கு முதல் நாள் இரவு கதவடைக்கும் நேரத்தில் பச்சை அரிசி கேட்டு ஓடிவருகிறவர்கள் இதை மறந்தவர்கள்தான்.

இங்கே கடைமேல் ஒரு குறை. உணவுச் சாயமும் மற்றச் சாயமும் ஒரே மாதிரிக் குப்பியில், ஒரே தட்டில் இருக்கின்றன. சீட்டைப் படித்துப் பார்த்து எடுங்கள். கோலத்தை வாரிக் கோழிக்குப் போடுகிற வீடானால் உணவுச் சாயம் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

கிராஸ் ஸ்டிச் சாமான்கள் உள்பக்கச் சுவர் முழுக்க இருக்கின்றன. தோட்டப்புற வீடுகளின் கூடத்தில் பிள்ளையாரும் ராதா கிருஷ்ணரும் சட்டம் போட்டுத் தொங்குவதற்கு இந்தச் சுவருக்கும் பங்குண்டு. கட்டம் கட்டமாக நெய்த ஐடா துணி 11, 14 எண்களில் வெட்டிக் கிடைக்கிறது. 14 என்றால் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம். படம் 140 கட்ட அகலமும் 98 கட்ட உயரமும் என்றால் தைத்த பகுதி 10க்கு 7 அங்குலம் வரும். சட்டம் போட நாலு பக்கமும் மூன்று அங்குலம் விட்டால் 16க்கு 13 அங்குலத் துணி வேண்டும். ஓரம் விடாமல் வாங்கிவிட்டு, சட்டக்காரரிடம் போய்ப் படத்தின் விளிம்பை மடக்கும்படி ஆகிறது பலருக்கு. 14க்கு 24ஆம் எண் மழுங்கல் ஊசி, நூல் இரண்டு இழை. 11க்கு 22ஆம் எண் ஊசி, மூன்று இழை.

நூலில் பேர்பெற்ற பிரெஞ்சுக் கம்பெனியான டிஎம்சியும் இருக்கிறது, விலை மலிவான சீனத்து நூலும் இருக்கிறது. டிஎம்சி கண்டு 8 மீட்டர், ஆறு இழை. கறுப்பு வேண்டுமென்றால் ‘310’ என்று எண்ணைச் சொன்னாலே எடுத்துத் தருகிறார்கள், அந்த அளவுக்குப் பழக்கம். எல்லாவற்றையும் டிஎம்சியில் வாங்கத் தேவையில்லை. வெளிர்நிறங்களுக்குச் சீனத்து நூல் தாராளமாகப் போதும். சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றையும் நல்லதாக வாங்குங்கள். சாயம் போகிறதா என்று பார்க்க, ஒரு விரல் நீள நூலை நனைத்து வெள்ளைத் துணிக்குள் வைத்து அழுத்தி ஐந்து நிமிடம் விடுங்கள். அம்மன் சிலையின் சிவப்புப் பட்டு மஞ்சள் முகத்தில் இறங்கிய படங்கள் எத்தனையோ வீட்டில் பெட்டிக்கடியில் கிடக்கின்றன. ஒருவேளை இறங்கிவிட்டால் காய விடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். தண்ணீர் தெளிவாக ஓடும் வரை குளிர்ந்த குழாய் நீரில் காட்டிக்கொண்டே இருங்கள். ஈரமாக இருக்கும் வரைதான் வழி உண்டு.

துணியிலேயே படம் அச்சிட்ட செட்டுகளும் உள்ளன. புதிதாகக் கற்கிறவர்களுக்கு அவை சுலபம். தைத்து முடித்ததும் தண்ணீரில் அலசினால் அச்சு மை போய்விடும். அலசும் முன் இஸ்திரி போட்டால் மை துணியோடு பிடித்துக்கொள்ளும். செட்டுப் பெட்டியில் உள்ள சீட்டு சீன மொழியில் இருப்பதால் இதைக் கடைக்காரர்களே சொல்லிக் கொடுக்க வேண்டும், சொல்வதில்லை. சட்டம் போடும்போது கண்ணாடி துணியைத் தொடாமல் நடுவில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்குக் கண்ணாடியோடு ஒட்டிய துணியில் பழுப்புப் புள்ளி விழாமல் இருப்பது அபூர்வம்.

சேலைக் குஞ்சத்துக்கான பட்டு நூல் ரீல்கள் கண்ணாடிப் பெட்டிக்குள். பட்டு என்று சொன்னாலும் செயற்கை நூல்தான், குஞ்சத்துக்கு அதுவே பளபளப்பாக நிற்கும். முந்தானை அகலம் 115 சென்டிமீட்டர், இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு குஞ்சம் என்றால் 46. ஆறு சென்டிமீட்டர் அட்டையில் 30 சுற்று சுற்றினால் ஒரு குஞ்சத்துக்கு 3.6 மீட்டர், மொத்தம் 166 மீட்டர். ரீலின் சீட்டில் நீளத்தைப் பார்த்து, கொஞ்சம் கூடுதலாகவே ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். மறுபடி வந்தால் அதே நிறம் இருக்கும், அதே சாயல் இருக்காது. எந்தத் தடவை சாயமேற்றியது என்று காட்டும் சாயக் கூட்டின் எண் அச்சிட்ட சீட்டைப் பல ரீல்களில் கிழித்துவிட்டு விலைச் சீட்டை ஒட்டியிருக்கிறார்கள். கைவேலை தெரிந்தவர்கள் செய்கிற காரியமா இது!

தங்க ஜரிகை நூலைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்து ஊரான கோலகங்சாரின் ‘தெக்காட்’ தையல் பேர்போனது. வெல்வெட் துணியில் அட்டை வடிவத்தை வைத்து, தங்க நூலை அதன் மேலேயே படியவிட்டு, அடியிலிருந்து சாதா நூலால் பிடித்துத் தைப்பார்கள். தங்க நூல் துணிக்குள் நுழைவதே இல்லை. ரவிக்கைக்கு ஜரிகை வேலை செய்கிற நம் பெண்கள் ஜரிகையை ஊசியில் கோத்துத் துணிக்குள் இழுத்து இழுத்து அதன் மேல்தோலை உரித்துவிட்டு, நூல் மட்டம் என்று கடையைத் திட்டுகிறார்கள். படிய வைத்துப் பிடித்துத் தையுங்கள். இழுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் பெரிய காதுள்ள ஊசி, நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம்.

குரோஷே நூலும் கொக்கியும் உண்டு, 10ஆம் எண் பருத்தி நூலும் 1.5 மில்லிமீட்டர் கொக்கியும் மேசை விரிப்புக்குப் போதும். கெட்டியாக நிற்க ஸ்பிரே கஞ்சி விற்கிறார்கள், சோற்றுக் கஞ்சியை வடிகட்டிக் காய்ச்சிப் போட்டாலே நிற்கும். குந்தன் கல், ஆரத்தித் தட்டுச் சரிகை, செயற்கைப் பூ எல்லாம் மற்றக் கடைகளில் உள்ளவையே. பசை மட்டும் இங்கே வாங்க வேண்டாம். எப்போது வந்த சரக்கென்று தெரியாது, பாதிக் குப்பி உள்ளே இறுகிக் கிடக்கிறது.

கடைக்கார அக்காவுக்கு ஒரு பழக்கம், என்ன வேலைக்கு என்று கேட்காமல் சாமானை எடுத்துத் தரமாட்டார். சிலருக்கு அது பிடிப்பதில்லை. மெஷின் நூல் கேட்டவரிடம், “எதுக்குண்ணே? பூக்கட்டவா? அது காம்பை அறுத்துடும். இந்தக் கண்டு நூலை எடுத்துக்குங்க, தண்ணில நனைச்சுக் கட்டுங்க” என்று விலை குறைந்ததை எடுத்து நீட்டுவார். தெரியாததைத் தெரியாது என்றும் சொல்வார். உதவிக்கு இருக்கும் இளம்பிள்ளைகளிடம் இந்த வழக்கமெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம், விலை மட்டும்தான் சொல்வார்கள்.

அளப்பது மேசை விளிம்பில் அடித்த இரண்டு ஆணிகளுக்கு நடுவில். எங்கள் நாடாவை வைத்துப் பார்த்ததில் அளவு சரியாகவே இருக்கிறது. ஆனால் இழுபடும் லேஸை இழுத்துப் பிடித்து அளக்கிறார்கள். தளர்த்தி அளக்கச் சொல்லுங்கள், மறுப்பதில்லை. வெட்டியதைத் திரும்ப எடுப்பதில்லை, வெட்டாததை ரசீது இருந்தால் மாற்றித் தருவார்கள்.

நிறம் பொருத்த வேண்டிய வேலையென்றால் ரவிக்கைத் துண்டையோ சேலை ஓரத்தையோ கையோடு எடுத்துப் போய், நூலை அஞ்சடிக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே எரிகிற அந்த ஒற்றைக் குழல்விளக்கில் மெரூனும் காப்பிக்கொட்டை நிறமும் ஒன்றுதான். மழை மூடிய சாயங்காலத்தில் போவதானால் டார்ச் லைட் எடுத்துப் போங்கள்.